வாழைத்தாரோடு 417 படிகள்

ஜூன் 11, புதன்

மன்னார்குடியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். சனிக்கிழமை திருச்சி மலைக்கோட்டை ஏற வேண்டுமாம், நானும் கூட வர வேண்டுமாம். தங்கைக்குச் சுகப்பிரசவம் ஆனால் தாயுமானவருக்கு வாழைத்தார் வைப்பதாகச் சித்தி வேண்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு நாற்பது நாள் ஆகிறது. சித்தியின் முழங்கால் படி ஏற விடாது. ஆகவே தார் தூக்க நான்.

சித்தப்பாவுக்கு வயது 68. திருச்சிக்கு நூறு தடவையாவது போயிருப்பார், மலை ஏறியதில்லை. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றங்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான்.

"நாளைக்கு மேட்டூர் தொறக்குறாங்கல்ல, சனிக்கிழமை தண்ணி திருச்சிக்கு வந்துரும். மேலேருந்து பாத்துடலாம் தம்பி" என்றார். வேண்டுதல் பாதி, தண்ணீர் பாதி என்று அப்போதுதான் புரிந்தது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூரில் திறந்துவிட்டார்கள். டிவியில் பூத்தூவினார்கள். இந்தத் தேதி எங்கள் பக்கத்தில் தீபாவளி மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். என்ன, தீபாவளி வருஷம் தவறாமல் வரும்.

தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, பாமணியாற்றில் இறங்கி, அப்புறம் வாய்க்கால், அப்புறம் கன்னி வாய்க்கால். அதற்கும் பிறகுதான் சித்தப்பாவின் பத்து மா வயல். தூர்வாரும் இயந்திரம் எங்கள் வாய்க்காலுக்குப் போன வாரம்தான் வந்ததாம். தண்ணீரை வரச்சொல்லிவிட்டு வாசல் பெருக்குகிற கதை.

ஜூன் 14, சனி

விடியற்காலை தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் சித்தப்பாவோடு சேர்ந்துகொண்டேன். தோளில் தார். கொல்லையில் விளைந்த பூவன். "திருச்சியில் கிடைக்காத வாழையா?" என்று கேட்டதற்கு, "வேண்டிக்கிட்டது உங்க சித்தி, கடைக்காரன் இல்ல" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மத்திய பேருந்து நிலையத்தில் 1ஆம் நம்பர் டவுன் பஸ் பிடித்து மெயின்கார்டு கேட்டில் இறங்கினோம். சித்தப்பா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "மலை தெரியுது, கோட்டை எங்க?" என்றார். நியாயமான கேள்வி. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும் அகழியும் போய்விட்டன. மிஞ்சியது இந்த வாசல்தான், அதையும் கடைகள் நெருக்குகின்றன. கோட்டை எதுவரை இருந்தது என்று தெரிந்துகொள்ள மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் உதவும். பழைய மதிலும் அகழியும் போன வழியில் போட்ட சாலைகள். ஆங்கிலத்து 'பூல்வார்டு' நம் வாயில் புலியாகிவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே புலி நடமாட்டம் உண்டோ என்று சின்ன வயதில் நான் பயந்ததைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

தெப்பக்குளம் தாண்டி மலைவாசல். மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, செருப்பை விட்டு, ஏறத் தொடங்கினோம். கீழ்ப்பகுதிப் படிகள் மூடிய கூடத்துக்குள் போகின்றன, வெயில் இல்லை. 417 படி என்கிறார்கள். தாரை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றும்போது எண்ணிக்கை விட்டுப்போனது. சித்தப்பா எனக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பில் நடக்கிற மாதிரி, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தார். நான்தான் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

தாயுமானவர் சன்னதியில் தாரை இறக்கியதும் தோள் தனியாக மிதந்தது. பக்கத்தில் ஒரு அம்மா தன் பேத்திக்குத் தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தார். பூம்புகாரிலிருந்து பிரசவம் பார்க்க வந்த தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, சிவனே தாயாக வந்து ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்த கதை. சித்தப்பா என் காதோரம் வந்து, "தண்ணி ஜாஸ்தியானதுக்கே சாமி வந்திருக்கு. வராததுக்கு யாரு வர்றது?" என்றார்.

அதற்கு மேல் திறந்த பாறை. காற்று அள்ளுகிறது. உச்சிக்குப் போகும் வழியில் மகேந்திரவர்மன் குடைந்த 7ஆம் நூற்றாண்டுக் குகை. பெரும்பாலானோர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிள்ளையாருக்கு ஓடுகிறார்கள். உள்ளே சிவன் ஒரு சடையைப் பிடித்துக் கங்கையை ஏற்கும் சிற்பம். தூணில் வடமொழிக் கல்வெட்டு. அதன் சாரம் எனக்குத் தெரியும்: தரையில் ஒரு கோயிலில் நின்றுகொண்டு சோழநாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம். அதனால்தான் அரசன் மலைமேல் இடம் கொடுத்தானாம். ஆற்றைக் கண்டு அவர் மயங்கிவிடுவாரோ என்று பார்வதியும் பிறந்த வீட்டை விட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டாளாம்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "அவரும் தண்ணி பாக்கத்தான் ஏறினாரா" என்றார்.

உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வடக்குப் பக்கம் நின்றோம். தரையிலிருந்து 83 மீட்டர். காவிரி, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். 236 அடி ராஜகோபுரம் நம் கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கிறது. 1752இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரர்களும் அந்த ஸ்ரீரங்கம் தீவில்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர் தலை போனதும் இதே ஜூன் மாதத்தில். இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். சித்தப்பா காதில் விழவில்லை. அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணலுக்கு நடுவே மங்கலாக ஒரு பட்டை. கிழக்கே போகப்போக மெலிந்தது. "நிறத்தப் பாரு, புதுத்தண்ணி" என்றார். எனக்கு எல்லாம் ஒரே நிறம். அரை மணி நேரம் நின்றார். பாறை சுட ஆரம்பித்து நான் கால் மாற்றி மாற்றி நின்றதும்தான் இறங்கச் சம்மதித்தார்.

ஜூன் 15, ஞாயிறு

ஏறியதை விட இறங்கியதுதான் தொடையைப் பதம் பார்த்திருக்கிறது. நாற்காலியில் உட்காரக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. சாயங்காலம் கல்லணை திறந்தார்கள். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வாய்க்கால் வெட்டப் போயிருக்கிறார் என்றார் சித்தி.

ஜூன் 23, திங்கள்

காலை ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார். "தண்ணி வந்துட்டு தம்பி."

"எவ்வளவு?"

"கணுக்கால் நனையிது. நாத்தங்காலுக்குக் காணும். மேலேருந்து பாத்தப்ப நெறையாத்தான் தெரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, "மதகுகிட்ட கரை ஒரு எடத்துல கசியிது. ஞாயித்துக்கிழம வர்றியா?" என்றார்.

மண்வெட்டி அங்கேயே இருக்கிறதாம். நான் வந்தால் போதுமாம்.