இடது பக்கமாகப் படுத்து வாசித்தது

ஜூன் 9

வயிற்றில் குழந்தை, அதனால் முழு நேரமும் படுக்கை. கால் தரையில் படக் கூடாது என்றால் படவே கூடாதாம். குளியலறைக்கு மட்டும் அனுமதி. அதற்கும் அத்தை கூடவே வந்து கதவுக்கு வெளியே நிற்கிறார்.

ஜூன் 10

இடது பக்கமாகப் படுத்துக்கொண்டு தடித்த புத்தகம் வாசிப்பது பெரிய வித்தை. இடப்பக்கத் தாள்கள் மெத்தையில் சாய்ந்துகொள்கின்றன, வலப்பக்கத்தை மட்டும் கையால் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் போனால் கை வலி குறையும் என்று ஆறுதல்.

வங்க எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவியின் ‘பிரதம பிரதிஸ்ருதி’ நாவலை முடித்த சூட்டோடு அதன் இரண்டாம் பாகமான ‘சுவர்ணலதா’வைத் தொடங்கிவிட்டேன். முதல் பாகத்தின் நாயகி சத்யவதி மனத்தை விட்டுப் போக மறுக்கிறாள். ஒன்பது வயது மகளுக்குத் தனக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், கணவனையும் வீட்டையும் விட்டுக் காசிக்குக் கிளம்பிவிடுகிறாளே, அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஓடிவந்து படுக்க வைத்தார்.

ஜூன் 11

அம்மா போனை எடுக்கவில்லை.

ஜூன் 12

நேற்று இரவு தூக்கமே இல்லை. பால்கனியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்கத்தாவின் தர்ஜிபாடாவில் புது வீடு எழும்புகிறது. சத்யவதியின் மகள் சுவர்ணலதா கணவன் பிரபோதிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், தெருவைப் பார்த்து ஒரு பால்கனி. அவனும் சரியென்று தலையை ஆட்டிவிடுகிறான். கட்டி முடிந்து குடிபோகும் நாளில் அவள் ஒவ்வோர் அறையாக ஓடித் தேடுகிறாள். இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும், அந்தப் பக்கம் இருக்கும் என்று. பால்கனியே இல்லை. அவன் வீட்டாரிடம் அதைப் பற்றிப் பேசியதுகூட இல்லை. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. முதல் பாகத்தில் யாரும் சத்யவதியை இப்படி ஏமாற்றியிருக்க முடியாது. ஏமாற்றினால் நறுக்கென்று ஒரு கேள்வி கேட்டு வாயடைத்திருப்பாள். மகளுக்கு அந்த நாக்கும் இருக்கிறது, ஆத்திரமும் இருக்கிறது, ஆனால் பின்னால் நிற்பதற்கு ஓர் ஆள் இல்லை. போதாக்குறைக்கு மாமியார் முக்தகேசியின் வீட்டில் எடுத்ததற்கெல்லாம் குத்திக்காட்டுகிறார்கள்: வீட்டை விட்டுப் போனவள் பெற்ற பெண்தானே.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. முதல் பாகத்தின் கடைசியில் நான் யாருக்காக எழுந்து உட்கார்ந்தேனோ அந்த வீரத்துக்கான விலையை இந்தப் பெண் பக்கத்துக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் பால்கனி இந்தக் கட்டிலிலிருந்து பாதிதான் தெரிகிறது. துணி காயும் கொடியும் கம்பியின் ஒரு முனையும்.

ஜூன் 13

மறுபடியும் ரத்தக் கறை. ஒரு சொட்டுதான். என் கணவர் டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டே இருக்கிறார், நான் படித்த வரியையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 14

பயப்பட ஒன்றுமில்லையாம். இதைச் சொல்லக் கன்சல்டிங் கட்டணம் தனி.

ஜூன் 15

அத்தை முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் ராகிக் கஞ்சியோடு வந்தவர், “எழுதியவள் பெரிய படிப்புப் படித்தவளோ?” என்றார். பள்ளிக்கூடமே போனதில்லை என்றேன். வீட்டில் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வழக்கம் இல்லை. அண்ணன்மார் பாடம் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுத்துகளைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டவர். 1922-இல், பதின்மூன்று வயதில், ஒரு சிறுவர் பத்திரிகையில் முதல் கவிதை வந்தது. பதினைந்தில் கல்யாணம்.

“அப்படியானால் சமைத்து இறக்கிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருப்பாள்” என்று கஞ்சி டம்ளரை நீட்டினார். கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 17

புறாவுக்காகப் பால்கனியில் வலை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கத்தினேன். கத்தக் கூடாதாம், ரத்த அழுத்தம் ஏறுமாம். புறா எச்சம் நமக்கு நல்லதல்ல என்கிறார் அவர். நியாயம்தான். எனக்கு நியாயம் வேண்டாம்.

ஜூன் 18

அத்தை முடித்துவிட்டார்! என்னைவிட வேகம். தீர்ப்பும் சொல்லிவிட்டார்: “பெற்ற பெண்ணை விட்டுவிட்டுக் காசிக்குப் போனால் அது என்ன ரோஷம்? இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டாமா?”

சட்டம், சம்பிரதாயம், அந்தக் காலம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. அவர் கேட்டதைத்தான் இரண்டாம் பாகம் முழுக்க அந்த மகளும் கேட்கிறாள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். தானே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 19

அம்மா அண்ணனிடம் பேசியிருக்கிறாள். என்னிடம் இல்லை.

ஜூன் 21

குறையும் சொல்ல வேண்டும். நடுவில் நூறு பக்கம் தாராளமாக வெட்டலாம். சண்டை, அழுகை, பிரசவம், மறுபடி சண்டை. சுவர்ணலதா சில இடங்களில் எரிச்சலூட்டுகிறாள். பேச வேண்டிய நேரத்தில் வாயடைத்து நிற்கிறாள், வாய் திறக்கக் கூடாத நேரத்தில் வெடிக்கிறாள். சுதேசிக் காலத்தில் வீட்டாரின் சீமைத் துணிகளைத் தீயில் போடுகிறாள். கொள்கை சரி, மறுநாள் அந்த வீட்டில் உடுத்துவதற்கு என்ன இருக்கும்? பிரபோதைச் சும்மா கொடியவன் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அவள்மேல் அவனுக்குப் பைத்தியம். பார்க்கிறவரையெல்லாம் சந்தேகப்படுகிற, விட்டால் போய்விடுவாளோ என்று பிடித்துக்கொள்கிற பைத்தியம். அது இன்னும் மோசம்.

ஆனால் அச்சுப் புத்தகம் வரும் பகுதி! வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் சுவர்ணலதா எழுதி வைத்ததை, கணவன் வீட்டு உறவுக்காரன் ஜகு தன் அச்சகத்தில் போட்டுத் தருகிறான். நல்ல மனிதன், பிரியமாகத்தான் செய்கிறான். மட்டமான தாள், தேய்ந்த எழுத்து, வரிக்கு வரி பிழை. அவள் வாழ்க்கையையே எழுதி வைத்திருக்கிறாள், வீடு பிழைகளைப் படித்துச் சிரிக்கிறது. அத்தனை பிரதிகளையும் அவளே எரிக்கிறாள். கொடுமைக்காரர்கள் யாரும் வந்து எரிக்கவில்லை. கேலி போதுமாக இருந்திருக்கிறது. எல்லா வாதத்திலும் ஜெயித்த சத்யவதியை எழுதிய அதே கைதான் இப்படித் தோற்கிறவளையும் எழுதியது, மூன்றே ஆண்டு இடைவெளியில், 1964-இலும் 1967-இலும். 1976-இல் ஞானபீடம் முதல் பாகத்துக்குத்தான் போனது. என்னைக் கேட்டிருந்தால் இதற்குக் கொடுத்திருப்பேன்.

கை வலிக்கிறது. போதும்.

ஜூன் 22

இரும்புச் சத்து மாத்திரை எல்லாவற்றையும் துருவின் ருசியாக்கிவிட்டது, மாங்காய் ஊறுகாய் உட்பட.

ஜூன் 24

மூன்றாம் பாகம் ‘பகுல் கதா’ வந்துவிட்டது. சுவர்ணலதாவின் கடைசி மகள் பகுல், எழுத்தாளராகிவிட்டவள், அனாமிகா தேவி என்ற புனைபெயரில். முதல் இரண்டு கதைகளுமே அவள் குறிப்பேட்டிலிருந்து வந்தவைதான். எரிந்தது எரிந்துபோகட்டும் என்று அவள் விடவில்லை. பிரிக்க மனமில்லை. சுவர்ணலதாவுக்கு உரிய துக்கத்தை இன்னும் கொண்டாடி முடிக்கவில்லை நான்.

அத்தை இரண்டாம் பாகத்தில் கல்யாண வயசு வந்த பெண்களைப் பற்றிய இடத்தில் இருக்கிறார். முக்தகேசியைப் பார்த்தால் தன் மாமியார் நினைவு வருகிறதாம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 25

அம்மா பேசினாள். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். கதை முழுவதையும் சொன்னேன், சத்யவதி காசிக்குப் போனதை மட்டும் வேகமாகத் தாண்டிவிட்டேன். “அந்தத் தாய் அப்புறம் என்ன ஆனாள்?” என்று அதைத்தான் கேட்டாள்.

ஜூன் 26

நாளை ஸ்கேன். ஆம்புலன்ஸில் போவதா, காரின் பின்சீட்டில் படுத்துப் போவதா என்று இரண்டு பேரும் கூடத்தில் வாதாடுகிறார்கள். ‘பகுல் கதா’வைப் பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.