தோவாளை பூக்கடை ஆப்பும் பேக் பட்டனும்

தோவாளை பூ மார்க்கெட்ல கமிஷன் கடைக்காரங்க சிலர் யூஸ் பண்ற ஒரு பில்லிங் ஆப், வேற டீம் எழுதி விட்டுட்டுப் போனது, இப்ப நாகர்கோவில்ல இருந்து நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அடிக்கடி வர்ற புகார் இதுதான்: "மக்கா, பிச்சிக்கு எட பூரா போட்டு வச்சிருந்தேன், ஒரு போன் வந்துச்சு, பேசிட்டு பாத்தா ஒண்ணையும் காணல்ல."

ஆபீஸ் போன்ல இது வரவே வராது, அதுல ரேம் தாராளமா இருக்கு. கடையில கெடக்குறது பழைய போன், அதுலயே வாட்ஸ்அப்ல ரேட் கேப்பாங்க, கேமராவ திறந்து மூட்டைய போட்டோ எடுப்பாங்க, ஆண்ட்ராய்டு பின்னால கெடக்குற நம்ம ஆப்ப கொன்னுரும். திரும்பி வந்தா அதே ஸ்கிரீன புதுசா கட்டித் தரும், உள்ள இருந்த எட மட்டும் இருக்காது. பழைய கோடுல டிராஃப்ட் சேவ் பண்றத ஆன்டெஸ்ட்ராய்ல (ஸ்கிரீன் மூடும்போது ஆண்ட்ராய்டு கூப்பிடுற ஃபங்ஷன்) வச்சிருந்தாங்க, ப்ராசஸையே, அதாவது ஓடிக்கிட்டு இருக்குற ஆப்பையே கொல்லும்போது அத யாரு கூப்பிடப்போறா. ஸ்கிரீனோட டேட்டாவ மெமரில வச்சிருக்குற வியூமாடல் இருக்கேன்னு சொல்லுவாங்க, போன திருப்பினா அது தாங்கும், ப்ராசஸ் செத்தா அதுவும் கூடவே போயிரும். அதனால பில் நம்பர் மாதிரி சின்னது, ப்ராசஸ் செத்தாலும் சிஸ்டம் எடுத்து வச்சுத் தர்ற சேவ்டு ஸ்டேட் ஹேண்டில்ல, ஒவ்வொரு எடையும் போட்ட உடனே போனுக்குள்ளயே இருக்குற ரூம் டேட்டாபேஸ்ல. மொத்தத்தையும் அந்த ஸ்டேட் போற பொட்டலத்துல, பண்டில்ல திணிச்சா ஒரு மெகாபைட் கிட்ட போகும்போது கிராஷ்தான்.

டெஸ்ட் பண்றவங்க ரீசன்ட்ஸ்ல (கடைசியா திறந்த ஆப்புகளோட லிஸ்ட்) தள்ளி விட்டுட்டு பாத்தாச்சுன்னு சொல்லுவாங்க, அது வேற, அதுல ஸ்டேட்டும் போயி ஆப் முதல்ல இருந்து திறக்கும். ஹோமுக்கு போயிட்டு கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்கு கமாண்ட் அனுப்புற ஏடிபில, பின்னால கெடக்குற ஆப்ப கொல்ற ஆம் கில் அடிச்சு, ரீசன்ட்ஸ் வழியா உள்ள வந்து பாக்கணும்.

பேக் இன்னொரு கூத்து. ஆண்ட்ராய்டு 10-ல ஜெஸ்சர் வந்ததுல இருந்து ஈரக்கையோட ஸ்கிரீன் ஓரத்த தேச்சாலே பேக்தான். பழைய டீம் அதுக்கு ஆன்பேக்ப்ரெஸ்டுல, அதாவது பேக் அடிச்சா ஓடுற ஃபங்ஷன்ல, "வெளியேறவா?"ன்னு ஒரு டயலாக் போட்டாங்க, விடியக்காலம் ஏலத்துக்கு நடுவுல அத யாரு வாசிப்பா, எல்லாரும் ஆமான்னு தட்டிட்டு போயிருவாங்க. ஆண்ட்ராய்டு 13-லயே அந்த ஃபங்ஷன டெப்ரிகேட் பண்ணியாச்சு, இனி யூஸ் பண்ணாதன்னு அர்த்தம், ஆப்ப 16-க்குன்னு டார்கெட் பண்ணி அதே வெர்ஷன் போன்ல ஓடுனா அது கூப்பிடப்படவே செய்யாது. இப்ப பேக் அடிச்சப்பறம் யோசிக்க முடியாது, பேக்க நான் பிடிக்கப்போறேனா இல்லையான்னு கால்பேக்க (பேக் அடிச்சா சிஸ்டம் கூப்பிடுற நம்ம ஃபங்ஷன்) முன்னாடியே ஆன் பண்ணி வைக்கணும், அப்பத்தான் தேய்க்கும்போதே பின்னால என்ன ஸ்கிரீன்னு சிஸ்டம் காட்ட முடியும். எனக்கு இந்த மாத்தம் பிடிச்சுருக்கு, சோம்பேறி டயலாக்குக்கு இதுல எடம் கொறச்சல்.

ஒரு கடைக்காரர்ட்ட கேட்டேன், பேக் அடிச்சா என்ன நடக்கணும் அண்ணாச்சி? "கடைசியா போட்ட எட போணும், வேற என்ன?" நமக்கு பேக்னா முந்தின ஸ்கிரீன், அவருக்கு ரப்பர் வச்சு அழிக்கிறது. ஆனா கை பட்டு எட அழிஞ்சா விவசாயிக்கு காசு போயிரும், அதனால அதுக்கு நான் ஒத்துக்கல. எட பாதி அடிச்சிருந்தா மட்டும் கால்பேக் ஆன், இல்லன்னா பேக் நேரா லிஸ்ட்டுக்கு போவும், டிராஃப்ட் மேல மஞ்சளா நிக்கும், அழிக்க தனி பட்டன்.

ஓணத்துக்கு கேந்திப்பூ லோடு கேரளாவுக்கு ஏறுறதுக்கு முன்னாலயே அந்த டயலாக்க எடுத்துட்டேன். அது எங்கன்னு யாரும் கேக்கல, அழிக்கிற பட்டன் சின்னதா இருக்குன்னுதான் இப்ப சண்ட.