யாரைத் திட்டுவது?

“எல்லாம் சரி தம்பி. நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா நாங்க யாரைத் திட்டுறது?”

நூலகக் குழுக் கூட்டத்தில் தாளாளர் ஐயா கேட்ட கேள்வி இது. நான் யோசிக்கவே இல்லை. “என்னைத் திட்டுங்கய்யா” என்றேன். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. முதல்வர் தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பழைய நூலக மென்பொருளின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏஎம்சியைப் புதுப்பிப்பதில்லை, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய கோஹா என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவது என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

நான் நூலகராக இருந்த அந்தக் கல்லூரியை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பதில் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. கூட்டத்தை முடித்துவைத்த பதில் என்ற அளவில் நல்ல பதில்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் பேசியதற்கெல்லாம் நேர் எதிரானது. ஒரே கம்பெனியை நம்பி நம் தரவை வைத்திருக்கக் கூடாது என்று மூச்சு விடாமல் பேசிவிட்டு, ஒரே ஆளை நம்பி வையுங்கள் என்று முடித்திருக்கிறேன். அந்த ஆள் நானாக இருந்ததால் அப்போது அது உறுத்தவில்லை.

பழைய மென்பொருளின் கதை நூலகர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் புத்தகப் பட்டியலை எங்களிடமே கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். பேரம் பேசி வாங்கிய எக்செல் கோப்பில் ஆங்கிலத் தலைப்புகள் ஒழுங்காக இருந்தன. தமிழ்த் தலைப்புகள் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். 2010இலேயே தமிழக அரசு, எந்தக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. எங்கள் தமிழ்த் துறைப் புத்தகங்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எழுத்துருவை மாற்றி, மார்க் 21 என்ற நூற்பட்டியல் வடிவத்தில் ஆசிரியரை 100ஆம் புலத்திலும் தலைப்பை 245இலும் பிரதி விவரத்தை 952இலும் பிரித்துப் போட்டு ஏற்றினேன். அப்புறமும் தமிழில் தேடினால் சரியாக வரவில்லை. கோஹாவின் தேடலைப் பார்த்துக்கொள்ளும் ஜீப்ரா என்ற நிரலை, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, மொத்தப் பட்டியலையும் மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும் என்பது, எங்கோ ஒரு நூலகர் கேட்ட சந்தேகத்துக்கு வேறொரு நாட்டு நூலகர் எழுதியிருந்த பதிலிலிருந்து தெரிந்தது. மாற்றிவிட்டு ‘சிலம்பு’ என்று அடித்தேன். பக்கம் பக்கமாக வந்தது. அன்று இரவு எட்டரை மணிக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கச் சொல்லும்வரை ஒவ்வொரு சொல்லாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லும்போதே தெரிகிறது, எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்த வேலையைச் செய்துவிட்டு, நிர்வாகத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகக் கணக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கோஹா ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டேன். பயிலரங்குகளுக்குக் கூப்பிட்டார்கள். இப்போது இருக்கும் வேலைக்கு விண்ணப்பித்தபோது கோஹா நிறுவிய அனுபவம் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதனால் தாளாளரிடம் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. ஏஎம்சி தொகை உண்மையிலேயே மிச்சமானது, அந்தப் பணத்தில் புத்தகம்தான் வாங்கினோம். என் மாலை நேரங்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

தாளாளரின் கேள்வியை அப்போது ஒரு வியாபாரியின் கேள்வி என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஏஎம்சி என்பதே பெரும்பாலும் திட்டும் உரிமைக்குக் கொடுக்கும் விலை. பழைய கம்பெனிக்கு போன் போட்டுச் சத்தம் போட்டால் “இன்ஜினியர் கிளம்பிட்டார் சார்” என்பார்கள். அவர் வருவார், வராமலும் போவார். வந்தாலும் சரியாகும் என்று உறுதியில்லை. ஆனால் முதல்வர் அறையில் “கம்பெனிக்குச் சொல்லியாச்சு” என்று ஒரு வாக்கியம் சொல்ல முடியும். அந்த வாக்கியத்தோடு பொறுப்பு கட்டடத்தை விட்டு வெளியே போய்விடும். கோஹா வந்தபின் பொறுப்பு என் மேசையோடு நின்றுவிட்டது.

வேறு பதில் இருந்ததா? இருந்தது. கோஹாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆதரவு தரும் நிறுவனங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன. “ஒருத்தரிடம் ஒப்பந்தம் போடுவோம் ஐயா. பிடிக்கவில்லை என்றால் அதே மென்பொருளோடு, அதே தரவோடு இன்னொருவரிடம் போவோம்” என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் இந்த ஏற்பாட்டின் பலமே அதுதான். நான் கூட்டத்தில் சொன்ன நியூசிலாந்துக் கதையிலும் அது இருந்தது. 2000 பிறக்கும்போது அவர்களுடைய பழைய மென்பொருள் படுத்துவிடும் என்ற நிலையில், 1999இல் ஹோரோஃபெனுவா என்ற வட்டாரத்தின் நூலக அறக்கட்டளை, கடிபோ என்ற நிறுவனத்தை வைத்துப் புதிதாக எழுதி வாங்கியதுதான் கோஹா. எழுதியதை எல்லாருக்கும் பொது உரிமத்தில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த பகுதியைக் கூட்டத்தில் விரிவாகச் சொன்னேன். எழுதிய நிறுவனத்துக்குக் கூலி உண்டு என்ற பகுதியில் நிற்கவில்லை. நின்றிருந்தால் “அப்ப பழைய கம்பெனியே இருக்கட்டுமே” என்று கணக்கு அலுவலர் சொல்லியிருப்பார். அவரை எனக்குத் தெரியும். செலவில்லை என்ற ஒரு வாதம்தான் அந்த அறையில் எடுபடக்கூடியது. அதனால்தான் நான் சொன்ன பதிலைச் சொன்னேன் என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அதை நம்புகிறேன்.

நான் கிளம்பிய பிறகு ஒரு ஏப்ரல் மாதம். இறுதியாண்டு மாணவர்கள், நூலகத்துக்குப் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ வாங்க வரிசையில் நிற்கும் நேரம். நூலக உதவியாளர் அக்கா போனில் அழாத குறை. “சார், புக்கெல்லாம் அழிஞ்சிருச்சு. எதைத் தேடினாலும் ஒண்ணும் வரல.”

எதுவும் அழியவில்லை. முந்தின நாள் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தாங்காமல், சர்வர் நின்று எழுந்ததில் ஜீப்ரா மட்டும் எழவில்லை. தரவுத்தளத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும். தேடல் மட்டும் கைவிரிக்கும். ஒரே ஒரு கட்டளை போதும். அதைப் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

“ஜீப்ராவுக்கு அப்புறம் ஒரு இடைவெளி விட்டு, ரெண்டு கோடு போடுங்கக்கா.”

“கீழ் கோடா, நடுக் கோடா சார்?”

“நடுக் கோடு. ரெண்டு.”

“போட்டாச்சு. பாஸ்வேர்டு கேக்குது. அடிச்சா எதுவுமே விழ மாட்டேங்குது சார்.”

“விழாதுக்கா. தெரியாது, ஆனா ஏறும். அடிச்சு என்டர் தட்டுங்க.”

மூன்றாவது முறை சரியாக வந்தது. அக்கா “தெய்வமே” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போனை வைத்தபின், காலையிலிருந்து அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே எழுதிவைத்த நூலக விதிகளில் நான்காவது. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்காத நூலகர் கிடையாது. இத்தனைக்கும் இந்தக் கட்டளையைத் தாளில் அச்சிட்டு சர்வர் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். வெள்ளையடித்தபோது கிழித்துவிட்டார்களாம். தாளை ஒட்டிவிட்டால் கடமை முடிந்ததா என்று கேட்டால், முடிந்தது என்றுதான் சொல்வேன். ஆனாலும் அக்கா கூப்பிட்டது கம்பெனியை இல்லை, என்னை.

ஜெர்மனியில் மியூனிக் மாநகராட்சி 2003இல், கோஹாவைப் போலவே கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஆயிரக்கணக்கான கணினிகளை மாற்றி, 2017இல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. ஏன் திரும்பினார்கள் என்பதற்கு அரசியல், நிர்வாகக் குளறுபடி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒரு மாநகராட்சிக்கே இப்படி என்றால் நம்ம ஊர்க் கல்லூரி எந்த மூலைக்கு என்று நினைத்து ஆறுதல்பட்டதுண்டு. அது ஆறுதல் மட்டும்தான், விடை இல்லை. கேரளத்தில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி நிலைத்து நிற்கின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்க அரசின் ஒரு நிறுவனம் இருக்கிறது. “என்னைத் திட்டுங்க” என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் பழைய கல்லூரியிலிருந்து புதிய நூலகர் பேசினார். இளம்பெண், நல்ல சுறுசுறுப்பு. “சார், சர்வரை எடுத்துட்டு கிளவுடுக்குப் போறோம். ஒரு கம்பெனி எல்லாம் பார்த்துக்குது, வருஷக் கட்டணம்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. எந்த மென்பொருள் என்று கேட்டேன். “கோஹாதான் சார்” என்றார். நூலகத் தரவு மொத்தத்தையும் ஒரே கோப்பாக எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவர்கள் ஏற்றிவிட்டார்கள். யாரும் தனிக் கட்டணம் கேட்கவில்லை, தமிழ் சிதறவில்லை. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நேக் குழுவுக்காக நான் எழுதிவைத்திருந்த அறிக்கைகள்கூட அப்படியே ஓடுகின்றனவாம். அக்காவிடம் போனைக் கொடுத்தார். “ஸ்கிரீன் அதேதான் சார். ஏதாவதுன்னா இப்ப ஒரு நம்பர் இருக்கு” என்றார் அக்கா.

நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று தெரியவில்லை. கம்பெனி வந்துவிட்டது, கட்டணம் வந்துவிட்டது. ஆனால் பிடிக்கவில்லை என்றால் நாளையே வேறிடம் போகலாம். எடுத்துக்கொண்டு கிளம்ப முடிகிற மாதிரி வைத்தது நான்தானே என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த நம்பரை முதல் நாளே கொடுத்திருக்கலாமே என்று இன்னொன்று கேட்கிறது. முதல் நாள் கேட்டிருந்தால் கோஹாவே வந்திருக்காது என்று மறுபடி முதல் மனம்.

இப்போது இருக்கும் கல்லூரியிலும் கோஹாவுக்கு மாறும் பேச்சு ஓடுகிறது. இந்த முறை ஆதரவு ஒப்பந்தத்துக்கு இரண்டு கொட்டேஷன் வாங்கிக் கோப்பில் வைத்தேன். முதல்வர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது ஃப்ரீ சாஃப்ட்வேர்னு சொன்னீங்களே சார், எதுக்குப் பணம்? உங்களுக்கே எல்லாம் தெரியுமே?” என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, ஒப்பந்தம் இல்லாமல் வேண்டாம் சார் என்றேன். அடுத்த குழுக் கூட்டத்தில் பார்க்கலாம் என்று கோப்பை ஓரமாக வைத்துவிட்டார். வெளியே வந்ததும் கம்ப்யூட்டர் துறைக்குப் போய், சும்மா கிடக்கும் பழைய சர்வர் ஒன்றை நூலகத்துக்குத் தர முடியுமா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.