முதுகை நேராக வை என்று சொல்பவர்களுக்கு

சுமையையோ நோயாளியையோ தூக்கும்போது 'முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை' என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்களே, அதற்கான ஆதாரம் நாம் நினைக்கிற அளவுக்கு வலுவானது இல்லை. குனிந்து தூக்குவதையும் குந்தித் தூக்குவதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், குந்துவதுதான் மேல் என்று அடித்துச் சொல்லவில்லை.

சுமை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய வரம்பு 23 கிலோ, அதே சுமையை 25 செ.மீ.க்குப் பதில் 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அந்த வரம்பு அப்படியே பாதியாகிவிடும்! நோயாளி என்ன பெட்டியா, பிடித்துத் தூக்க? நெளிவார், வழுக்குவார், திடீரென்று நம்மைப் பிடித்துக்கொள்வார். அதனால் நோயாளியைத் தூக்கும்போது வரம்பு சுமார் 16 கிலோதான், அதற்கு மேல் என்றால் தூக்கும் கருவி வேண்டும்.

சரி, கருவி வந்தாச்சு. அப்புறம் நோயாளியைத் தாங்கும் அதன் துணித்தொட்டிலைத் துவைக்காமல் அடுத்த நோயாளிக்கு மாட்டினால்? முதுகு தப்பித்தது, கிருமி பரவியது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி டிஃபிசில் கிருமியின் வித்துகள் (கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் அதன் வடிவம்) ஆல்கஹால் சானிடைசருக்குச் சாகாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவித்தான் கையிலிருந்து அகற்ற வேண்டும்.