ட்ரையல் பேப்பர் கையில இருக்கா, கையெழுத்துக்கு முன்னாடி கொஞ்சம் பேசுவோம்

பிள்ளைய ட்ரையல்ல, அதாவது புது சிகிச்சைய குடுத்து பாக்குற ஆராய்ச்சியில, சேக்கலாமா, வீட்டுல பேசிட்டு சொல்லுங்கன்னு டாக்டர் ஒரு கட்டு பேப்பர தந்து விட்ட பெறகு எனக்கு ஃபோன் பண்ற அம்மாமாரு முதல்ல கேக்குறது ஒண்ணுதான், அக்கா உங்க பிள்ளைன்னா நீங்க என்ன செய்வீங்க. அதுக்கு மட்டும் நான் பதில் சொல்றதில்ல. என் மகனுக்கு லுக்கீமியா, அதான் ரத்தப் புற்றுநோய், வந்தப்போ அவன் உடம்பு மருந்துக்கு எப்படி ஒத்துழைச்சுதோ அப்படியே உங்க பிள்ளைக்கும் இருக்கும்னு யாரால சொல்ல முடியும். நான் "சேத்துருங்க, கர்த்தர் பாத்துக்கிடுவாரு"ன்னு ஒரு வார்த்த சொன்னா அத நம்பி கையெழுத்து போட்டுருவாவ, அவ்வளவு பயத்துல இருப்பாவ அப்போ. முன்னாடி இந்த வழியா போன பெத்தவங்க செய்யக்கூடியது கூட இருந்து அந்த பேப்பர வாசிக்கிறது, டாக்டர்கிட்ட கேக்க வேண்டியத ஒரு நோட்டுல எழுத வைக்கிறது. இது சின்ன வேலையில்ல.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பிள்ளைக்கு இப்படி ஒரு சோக்கேடுன்னா ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரி, அங்க இருந்து திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரி, இல்லன்னா வேலூர், சென்னை அடையாறு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுற அப்பாவுக்கும் குளச்சல்ல கடலுக்கு போற அப்பாவுக்கும் ஆஸ்பத்திரிக்கு போற ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. இதுக்கு எடையில ட்ரையல்னு சொன்னா சொந்தக்காரங்க "பிள்ளைய வச்சி சோதன பண்ணப் போறாவளா"ன்னு கேட்டு இருக்குற தைரியத்தையும் எடுத்துட்டு போயிருவாவ.

அந்த பயத்துல நியாயம் இருக்கு, ஆனா இன்னொரு பக்கமும் தெரியணும். நம்ம பிள்ளைங்க வாரா வாரம் முழுங்குற மெத்தோட்ரெக்சேட்ங்கிற லுக்கீமியா மருந்த உண்டாக்குன குழுவ நடத்துனது சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ். அதுக்கு முந்துன மருந்து ஒண்ண, அமினாப்டெரின்னு பேரு, அமெரிக்காவுல சிட்னி ஃபார்பர்ங்கிற டாக்டர் லுக்கீமியா பிள்ளைங்களுக்கு குடுத்து பாத்து 1948ல எழுதுனாரு. நோய் கொஞ்ச நாள் அடங்குச்சு, திரும்ப வந்துச்சு. அதுக்கப்புறம் ட்ரையல் மேல ட்ரையலா நடந்து, 1960கள் தொடக்கத்துல பத்துல ஒரு பிள்ள பிழைக்கிறதே கஷ்டமா இருந்த ஏஎல்எல்ங்கிற லுக்கீமியா வகையில இப்ப வசதியான நாடுகள்ல நூத்துக்கு 90 பிள்ளைங்க கிட்ட பிழைக்குது. அன்னைக்கு சரின்னு சொன்ன அம்மா அப்பாமார நான் நன்றியோட நெனைக்கேன். அதுக்காக நீங்களும் சரின்னு சொல்லணும்னு இல்ல.

முதல்ல கேக்க வேண்டியது இது ட்ரையலோட எத்தனாவது ஃபேஸ், அதாவது எத்தனாவது கட்டம்னு. ஃபேஸ் ஒண்ணுன்னா எவ்வளவு டோஸ் தாங்கும், என்ன பக்கவிளைவு வரும்னு கண்டுபிடிக்கிற கட்டம், பெரும்பாலும் வழக்கமான மருந்து கேக்காத பிள்ளைங்களுக்குதான் கேப்பாவ, குணமாகும்ங்கிற வாய்ப்பு அதுல கொறவு, இத டாக்டர் வாயால தெளிவா சொல்ல வச்சு கேளுங்க. ஃபேஸ் மூணுன்னா இப்ப குடுக்குற சிகிச்சையோட புதுச ஒப்பிட்டு பாக்குறது, எந்த குரூப்ல உங்க பிள்ளன்னு கம்ப்யூட்டர் தான் முடிவு பண்ணும், டாக்டர் கூட இல்ல. இது தெரியாம சேந்துட்டு "புது மருந்து கிடைக்கல"ன்னு அழுத ஒரு அம்மாவ எனக்கு தெரியும், அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

பெறகு இதெல்லாம் கேளுங்க, சேரலன்னா என்ன சிகிச்சை, முதுகுல ஊசியும் போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) டெஸ்டும் எத்தன தடவ கூடும், எந்த செலவு அவங்க எந்த செலவு நாம, போக வர வண்டிக்காசு உண்டா, ட்ரையலால பிள்ளைக்கு ஏதாவது ஆனா யாரு பாப்பா. கடைசி கேள்விக்கு 2019ல வந்த விதி இருக்கு, ட்ரையலால வந்த பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரணும், அது பேப்பர்லயும் இருக்கணும். எப்ப வேணும்னாலும் வெளிய வரலாம், அதுக்காக பிள்ளைக்கு மத்த சிகிச்சைய அவங்க நிறுத்த முடியாது. சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவுல நடக்குற ட்ரையல்கள பதியிற இணையப் பதிவேடு, அதுல உள்ள பதிவு நம்பரையும் வாங்கி வைங்க, 2009 ஜூன்ல இருந்து ட்ரையல அதுல பதியணும், ஃபோன்லயே யாரும் பாக்கலாம்.

நம்ம ஊரு ஆளுங்க நெறைய பேருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அதனால திருவனந்தபுரத்துல மலையாளத்துல பேப்பர் தந்தா தமிழ்ல தாங்கன்னு கேளுங்க, கூச்சப்படாண்டாம், புரியிற மொழியில தர வேண்டியது அவங்க கடம. சில ட்ரையல்ல நீங்க சம்மதிக்கிறத வீடியோ எடுப்பாவ, அதுக்கும் பயப்படாண்டாம், உங்களுக்கு வெளக்கி சொன்னாவளான்னு காட்டத்தான் அது.

ஏழு வயசு தாண்டுன பிள்ளைன்னா அதுகிட்டயும் கேக்கணும், பன்னெண்டுக்கு மேலன்னா எழுத்துலயே வாங்குவாவ. பிள்ள முன்னாடி மூடி மறைச்சு பேசுறது நம்ம வழக்கம், ஆனா வார்டுல கெடக்குற பிள்ளைக்கு நம்ம முகத்த பாத்தே எல்லாம் தெரியும், அதனால நீங்களே பைய சொல்லுங்க.

யோசிச்சு பாத்துட்டு வேண்டாம்னு சொன்ன அம்மாமாரும் உண்டு. அவியளுக்கு பெறகு ராத்திரில வர்ற கேள்வி இருக்கே, சேத்துருந்தா நல்லாயிருக்குமோன்னு, அதுக்கு வார்டுல யாரும் பதில் சொல்ல மாட்டாவ. சேத்தவங்களுக்கும் அதே கேள்வி வேற மாதிரி வரும். ரெண்டு பேரும் எனக்கு கூப்பிடலாம், பிள்ளைக்கு கவுண்ட் (ரத்த அணுக்கள் எண்ணிக்கை) கொறஞ்சு ஆஸ்பத்திரியில முழிச்சு இருக்கிற நேரமா இருந்தாலும் சரி.