சீட்டுல ஏரிக்கரைன்னு எழுதினேன்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல பிசியோவா இருக்கேன். முட்டி வலி, இடுப்பு வலி, பக்கவாதம் வந்து கை கால் வராதவங்க, இதான் தினப்படி. ஒரு நாள் மதியம் கூட்டம் இல்லாதப்ப போன்ல படிச்சேன், இங்கிலாந்துல மருந்து மாத்திரையோட சேத்து ஆளுங்கள தண்ணி ஓரமா அனுப்பி வைக்கிறாங்களாம், லண்டன்ல ஒரு சதுப்பு நில பூங்காவுக்கு மனசு சரியில்லாதவங்கள கூட்டிட்டு போறாங்களாம், 2019ல இங்கிலாந்து முழுக்க சுமார் 20,000 பேர வச்சு வந்த ஆய்வுல வாரத்துக்கு 120 நிமிஷமாவது மரம், தண்ணின்னு வெளிய இருந்தவங்கதான் உடம்பும் மனசும் நல்லாருக்குன்னு அதிகமா சொன்னாங்களாம். அட, நமக்கு கேஆர்பி டேம் இருக்கு, பாரூர் ஏரி இருக்கு, நாமளும் எழுதுவோமேன்னு தோணிச்சு. இடுப்பளவு தண்ணியில நின்னா முட்டி தாங்குற பாரம் பாதியா கொறையும்னு காலேஜ்லயே படிச்சதுதான.

மொத சீட்டு ஒரு அம்மாவுக்கு. மாங்கூழ் பேக்டரியில சீசனுக்கு சீசன் நின்னுக்கிட்டே மாங்கா அறுத்த கால், ரெண்டு முட்டியும் போச்சு, சுகர் வேற, வீட்டுக்காரர் தவறினதுல இருந்து வாசப்படி தாண்டறதில்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல நம்ம மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க, அதுல மாத்திரை வீட்டுக்கே வந்துடுது. நல்ல திட்டம்தான், குறை சொல்லல. ஆனா இந்த அம்மா வெளிய போறதுக்குன்னு இருந்த ஒரே சாக்கு அந்த ஆஸ்பத்திரி வரிசைதான், அதுவும் போச்சு.

"தினமும் அரை மணி நேரம் ஏரிக்கரை நடை"ன்னு எழுதிக் குடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க, சீட்டு மடிச்சது மடிச்சபடி சுருக்குப்பையில இருக்கு.

"ஏம்மா போகல?"

"தாலியறுத்தவ ஒண்டியா ஏரிக்கரைக்கு போனா ஊரு என்னான்னு நெனைக்கும் தம்பி? விழுந்து சாவத்தான் போறான்னு நாலு பேரு பின்னாடியே ஓடியாருவாங்க."

எனக்கு சிரிப்பு வந்துச்சு, அவங்க சிரிக்கல. லண்டன்ல சீட்டு மட்டும் குடுக்கல, கூட கூட்டிட்டு போக ஆளும் போட்டிருக்காங்க, அத நான் படிச்சும் மண்டையில ஏறல.

அப்புறம் நானே ஞாயித்துக்கிழம காலையில ஆறு மணிக்கு போயி நின்னேன். அவங்க தெருவுல இன்னும் மூணு பேருக்கு முட்டி வலி, ஆள் சேந்துட்டாங்க. தண்ணியில எறங்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டேன், வண்டல் அள்ளின குழி எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது, கரையோட சரி. கெலவரப்பள்ளி அணை பக்கம் தென்பெண்ணை ஆத்துல கழிவு கலந்து நுரை பொங்குறத பாத்தா கால் நனைக்கவே யோசனையா இருக்கும், அது வேற கதை.

தப்பு நடந்தது மூணாவது வாரம், என் தப்புதான். செருப்ப பத்தி ஒரு வார்த்த எழுதல. அந்த அம்மா கரையேறுனதும் செருப்ப கழட்டி கையில புடிச்சுக்குவாங்க, மண்ணு சில்லுன்னு இருக்காம். சுகர்ல பாதம் மரத்துப் போனவங்களுக்கு முள்ளு குத்துனாலும் தெரியாதேன்னு எனக்கு அப்ப உறைக்கல. திங்கக்கிழம கால தூக்கி வச்சு பாத்தா குதிகால்ல சீமைக்கருவேல முள்ளு, பாதி ஒடிஞ்சு உள்ள, சுத்தி வெள்ளையா ஊறிப் போயிருக்கு. அவங்களுக்கு வலியே இல்ல. உடனே டாக்டர்கிட்ட அனுப்பி முள்ள எடுத்து, ஆற அஞ்சு வாரம் ஆச்சு. அன்னியில இருந்து நைலான் இழைய பாதத்துல வச்சு உணர்ச்சி பாக்காம யாருக்கும் நடைன்னு எழுதறதில்ல, எம்சிஆர் செருப்பு, அதான் சுகர்காரங்க காலுக்குன்னு இருக்கற மெத்து ரப்பர் செருப்பு, அது இல்லன்னா கரைக்கு வரவே வேணாம்னுடுவேன்.

முட்டி சரியாச்சான்னு கேட்டா, இல்ல. தேஞ்சது தேஞ்சதுதான். தூக்கம் வருதுன்னாங்க, மருமக மேல புகார் கொறஞ்சிருக்கு, கரையில சொல்லி முடிச்சுடறாங்க போல.

போன மே மாசம் போன் பண்ணாங்க. "தம்பி, ஏரி காஞ்சு வெடிச்சு கெடக்குது, மாடுதான் மேயுது. இப்பவும் போவணுமா?"

நான் யோசிக்கறதுக்குள்ள பின்னாடி இன்னொரு குரல், "அவருகிட்ட என்னா கேட்டுக்கினு, வா வெயில் ஏறுது."