கொங்கு நாட்டின் 2025: ஆண்டுக் கணக்கு எழுதும் வேலை

டிசம்பர் கடைசியில் அரசியல் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆண்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை பெரும்பாலும் செப்டம்பரோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் நினைவிலிருந்து நழுவிப் போகின்றன. 2025-இல் கொங்குப் பகுதியை எழுதும்போது இந்த மறதி பெரிய சேதம் செய்யும். செப்டம்பருக்குப் பிறகு வெளியே தெரிந்த பலவும் பிப்ரவரி, மார்ச்சிலேயே ஆரம்பித்தவை.

அ.தி.மு.க.வின் மூத்த தலைவராக இருந்த கே.ஏ.செங்கோட்டையன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரி 9-இல் அன்னூர் பக்கம், பவானியின் உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக எடப்பாடி பழனிசாமிக்கு விவசாயிகள் பாராட்டு விழா நடத்தினார்கள். செங்கோட்டையன் போகவில்லை. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படங்கள் இல்லை என்று காரணம் சொன்னார். செப்டம்பர் 5-இல் கோபியில் பேட்டி கொடுத்து, பிரிந்தவர்களைச் சேர்க்கப் பத்து நாள் கெடு வைத்தார். மறுநாளே கட்சிப் பொறுப்புகள் போயின. அக்டோபர் 31-இல் கட்சியிலிருந்தே நீக்கம். நவம்பர் 26-இல் எம்.எல்.ஏ. பதவியை விட்டார், 27-இல் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். 1977-இல் சத்தியமங்கலத்தில் முதன்முதலாக ஜெயித்தவர் கட்சி மாறியதைத் ‘திடீர் முடிவு’ என்று எழுதினால் இந்தத் தேதிகள் ஒத்துக்கொள்ளாது.

அதனால் ஜனவரி முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் போட வேண்டும். நான்கு கட்டம் போதும்: தேதி, நடந்தது, யார் என்ன சொன்னார், கையில் இருக்கும் ஆதாரம். இரண்டாவது கட்டமும் மூன்றாவது கட்டமும் கலந்துவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் கோளாறு. அத்திக்கடவுத் திட்டம் யாருடையது என்ற சண்டை அதற்குச் சரியான உதாரணம். 2019 பிப்ரவரியில் பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17-இல் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கோரிக்கைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயது. இவை மூன்றும் ‘நடந்தது’ கட்டத்தில் வரும். ‘நாங்கள்தான் கொண்டுவந்தோம்’ என்பது இரண்டு தரப்புக்கும் மூன்றாவது கட்டத்தில் வரும். படிக்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி, திட்டத்தில் உள்ள 1,045 குளம் குட்டைகளில் தங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்ததா என்பது. அதற்குக் கட்சி ஆபீசில் பதில் கிடைக்காது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரி நீர் எத்தனை நாள் ஓடியது என்று பார்த்துவிட்டு, குட்டைக்கரையில் போய் நிற்க வேண்டும்.

அடுத்து, எண்கள். ‘கொங்கு அ.தி.மு.க. கோட்டை’ என்ற வரியை ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். 2021-இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அ.தி.மு.க. அணி பிடித்தது உண்மைதான். அதே தேர்தலில் பக்கத்துக் கரூர் மாவட்டத்தின் 4 தொகுதிகளும் தி.மு.க.வுக்குப் போயின. பத்தே மாதத்தில், 2022 பிப்ரவரியில், கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96-ஐ தி.மு.க. அணி எடுத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் கோவையில் தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் பா.ஜ.க.வின் அண்ணாமலையை 1,18,068 ஓட்டில் வென்றார். ஓட்டுப் போடுகிற மனிதர்கள் மாறிக்கொண்டே இருக்கும் பகுதிக்குக் கோட்டை என்று பெயர் வைத்துவிட்டு, அப்புறம் ‘கோட்டை தகர்ந்தது’ என்று எழுதுவது வெறும் சொல் வேலை.

சட்டமன்றக் கணக்கையும் மக்களவைக் கணக்கையும் ஒப்பிடுகிறவர்கள் எல்லையைப் பார்ப்பதில்லை. கோவை மக்களவைத் தொகுதிக்குள் திருப்பூர் மாவட்டத்துப் பல்லடம் வருகிறது. கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் நீலகிரித் தொகுதியோடு போகிறது. தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு, வால்பாறை பொள்ளாச்சியோடு போகின்றன. ஒப்பிடுவதற்குத் தேர்தல் ஆணையத்தின் இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ஐ எடுக்க வேண்டும். அதில்தான் வாக்குச்சாவடி வாரியாக ஓட்டு இருக்கும். தபால் ஓட்டு கடைசியில் தனியாக இருக்கும். அதை விட்டுவிட்டால் கூட்டுத்தொகை ஒத்துவராது. இனிமேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்று உச்சவரம்பு வந்ததால் பல சாவடிகள் பிரிந்திருக்கின்றன. 2024 வாக்காளர் பட்டியலின் 145-ஆம் பாகமும் (ஒரு சாவடிக்கு ஒரு பாகம்) இப்போதைய 145-ஆம் பாகமும் வேறு வேறு தெருக்களாக இருக்கலாம். பாக எண்ணை நம்பாமல், முதல் பக்கத்தில் இருக்கும் தெருப் பெயர்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு தொகுதிக்கு நாள் கணக்கில் பிடிக்கிற வேலை இது. குறுக்குவழி இல்லை.

பிப்ரவரி 5-இல் நடந்த ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலும் இப்படி நிதானமாகப் படிக்க வேண்டியதுதான். அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் புறக்கணித்தன. தி.மு.க. 91 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றது. எதிரே பெரிய கட்சிகள் இல்லாத தேர்தலின் வித்தியாசத்தை வைத்து 2026-ஐக் கணிப்பது தப்பு. நோட்டா 6 ஆயிரத்தைத் தாண்டியதையாவது கவனித்து எழுதலாம்.

கட்சிச் சத்தத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்டால், இந்த ஆண்டில் பிளவு ஓடிய இடங்கள் வேறு. மார்ச் 19-இல் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறிகள் நின்றன. ஒரு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. பாவு நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர் ஒரு பக்கம், கூலிக்கு நெய்து கொடுக்கும் தறிக்காரர் மறு பக்கம். சோமனூர், பல்லடம் பக்கத்தில் இந்த இரண்டு தரப்பும் ஒரே ஊர். பல இடங்களில் ஒரே உறவுமுறை, ஒரே கட்சி. சாதிக் கணக்கை வைத்து மட்டும் கொங்கைப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கோடு கண்ணில் படாது. கூலி ஒப்பந்தம் என்றைக்குப் போட்டது, எத்தனை சதவீதம், அது கைக்கு வந்ததா, இரு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரத்துக்கு மேல் பில் எவ்வளவு வருகிறது என்று கேட்டால்தான் தெரியும்.

திருப்பூரிலும் அப்படித்தான். இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம், 27-இல் 50 சதவீதம். ஏற்றுமதிப் புள்ளிவிவரம் இதை உடனே காட்டாது. செப்டம்பரில் கப்பல் ஏறிய சரக்கு சில மாதம் முன்பே ஆர்டர் பிடித்தது. அவசரமாக முன்கூட்டி அனுப்பிய சரக்கும் எண்ணைத் தூக்கிக் காட்டும். அடி முதலில் விழுவது ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையில். அடுத்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில். “ஞாயித்துக்கிழமை வேலை இருக்குதுங்களா?” என்று ஒரு செக்கிங் தொழிலாளியிடம் கேட்டால் வரும் பதில், காலாண்டு அறிக்கைக்கு முன்னாலேயே நிலவரத்தைச் சொல்லிவிடும். ஒருவரிடம் கேட்டு எழுதக் கூடாது. அமெரிக்க ஆர்டர் கம்பெனி, ஐரோப்பிய ஆர்டர் கம்பெனி, உள்நாட்டு பனியன் என்று மூன்று இடத்தில் கேட்க வேண்டும். மூன்றிலும் பதில் வேறாக இருக்கும்.

செப்டம்பர் 27, கரூர் வேலுசாமிபுரம்: தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய்யின் பிரசாரக் கூட்டத்தில் நெரிசல். இதை எழுதும்போது கை நிதானமாக இருக்க வேண்டும். இறந்தவர் எண்ணிக்கை முதல் இரவிலிருந்து அடுத்தடுத்த நாட்களில் ஏறி 41-இல் நின்றது. முதல் இரவில் பரவிய வீடியோக்களில் நேரம், இடம் தெரியாதவற்றை ஆதாரக் கட்டத்தில் வைக்கக் கூடாது. அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் மேற்பார்வைக் குழுவும் அமைத்தது. அறிக்கை வரும்வரை ‘சதி’ என்றோ ‘போலீஸ் தவறு’ என்றோ ‘கட்சியின் தவறு’ என்றோ தீர்ப்பு எழுதும் உரிமை எழுதுகிறவருக்கு இல்லை. கேள்விகள் எழுதலாம்: அனுமதி எத்தனை பேருக்கு, பிரசார வண்டி வந்த நேரம் என்ன, வெளியேற எத்தனை வழி இருந்தது, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நின்றது, தண்ணீர் இருந்ததா. குழந்தைகளை இழந்த வீட்டு வாசலில் நின்று ‘ஓட்டு யாருக்கு’ என்று கேட்பதைச் சிலர் செய்தார்கள். அது இந்த வேலையின் பகுதியே அல்ல.

வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.)தான் இந்த ஆண்டின் கடைசிச் சண்டை. எழுதுகிறவர்கள் மிகவும் அவசரப்பட்டதும் இதில்தான். டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97,37,832 பெயர்கள் குறைந்தன. திருப்பூர் மாவட்டத்தில் மட்டும் சுமார் 5.63 லட்சம். ஒரு தரப்பு ‘வாக்குரிமைப் பறிப்பு’ என்றது. மறு தரப்பு ‘போலி வாக்காளர் ஒழிந்தார்கள்’ என்றது. மாநில அளவில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள், 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் இல்லாதவர்கள், 3.4 லட்சம் இரட்டைப் பதிவு என்று கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது. திருப்பூரின் உண்மை இதில் நடுவில் உள்ள ‘இடம் மாறியவர், இல்லாதவர்’ கணக்கில் இருக்கிறது. வரிசையாகக் கட்டிய வாடகை லைன் வீட்டில் குடியிருந்து, கம்பெனி மாறினால் வீட்டையும் மாற்றும் குடும்பங்கள் ஏராளம். சொந்த ஊர் தேனியோ திண்டுக்கல்லோ ஆக இருக்கும். முந்தைய தீவிரத் திருத்தத்தின் 2002, 2005 பட்டியலில் பெயர் அங்கே இருந்திருக்கும். படிவம் வந்த நேரத்தில் வீடு பூட்டியிருந்தால் ‘இல்லாதவர்’. அவர் போலியும் இல்லை. குறி வைத்து நீக்கப்பட்டார் என்று சொல்லவும் ஆதாரம் வேண்டும்.

சரிபார்க்கும் முறை இதுதான். ஒரு பாகத்தை எடுத்து, பழைய பட்டியலையும் நீக்கியவர் பட்டியலையும் அருகருகே வைத்து, ஒரு லைன் வீட்டுத் தெரு, ஒரு சொந்த வீட்டுத் தெரு, ஒரு தோட்டத்துச் சாளைப் பகுதி (தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகள்) என்று மூன்றிலும் கதவு தட்ட வேண்டும். ஒரே தெருவைப் பார்த்துவிட்டு மாவட்டத்துக்கே முடிவு சொல்வதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிசகு. பெயர் விட்டுப்போனவரைக் கண்டால் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். அதைச் சொல்லாமல் பேட்டி மட்டும் எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 முடியும்போது முடியாதவை நிறைய இருப்பதால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைக்க வேண்டும்: கரூர் விசாரணை, இறுதி வாக்காளர் பட்டியல், அமெரிக்க வரி, தறிக் கூலி ஒப்பந்தம் எத்தனை தறிக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம், எந்த மாதம் திரும்பக் கேட்பது என்று குறித்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.